மீன் தொட்டியின் மர்மத்தை அவிழ்த்த வினோகிராட்ஸ்கி

உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா? இல்லாவிட்டாலும், ஒன்று வாங்கித் தரும்படி அப்பாவிடம் அடம் பிடித்திருப்பீர்கள். சரி, வாங்கியாயிற்று என்று வைத்துக் கொள்வோம். புத்தம் புதுக் கண்ணாடித் தொட்டி. பளிச்சென்று கழுவிய கூழாங்கற்கள். சுத்தமான தண்ணீர். காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டார். அதில் ஆறு தங்கமீன்களை விட்டு, வேளை தவறாமல் இரையும் போடுகிறீர்கள்.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஐந்தாம் நாள் ஒன்று மிதக்கிறது. பத்து நாளில் தொட்டியே காலி! உங்களுக்கு அழுகை அழுகையாக வருகிறது. நோய் பிடித்த மீனைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்று பாட்டி திட்டுகிறார்.

உண்மையில் தப்பு கடைக்காரர் மேலும் இல்லை. உங்கள் மேலும் இல்லை. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு மீன்கள் ஏன் செத்தன?

இந்த மர்மத்தை அவிழ்க்க உதவியவர், மீன் வளர்த்துப் பெயர் எடுத்தவர் அல்லர். மண்ணையும் சேற்றையும் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். பெயர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. அவர் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதற்கு முன் ஒரு மலைக்குப் போய் வருவோம், வாருங்கள்!

மலையில் ஓர் ஓடை

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை இருக்கிறது அல்லவா? கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை. காரவள்ளியில் இருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள்! மேலே போனால் ஊர்களை 'நாடு' என்று பிரித்துச் சொல்வார்கள். வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, பெரக்கரை நாடு என்று பல நாடுகள் உண்டு.

நீங்கள் பெரக்கரை நாட்டுப் பிள்ளையாக இருந்தால், மலை ஓடையில் கால் நனைத்து விளையாடியிருப்பீர்கள். பாறை இடுக்குகளில் சின்னச் சின்ன மீன்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடையில் இலை விழுகிறது, அழுகுகிறது. மாடு இறங்குகிறது. மீன்கள் தின்று கழிகின்றன. ஆனாலும், யாரும் வந்து ஓடையைக் கழுவி விடுவதில்லை. தண்ணீரை மாற்றி ஊற்றுவதும் இல்லை. அந்த மீன்கள் நன்றாகத்தானே இருக்கின்றன?

ஓடும் தண்ணீர் அழுக்கை அடித்துக் கொண்டு போய்விடும் என்பீர்கள். அது பாதி விடைதான். மீதி விடை, அந்த ஓடையில் கிடக்கும் கற்களின் மேல் இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் வழுவழு என்று கைக்குத் தட்டுப்படும். அங்கே கோடிக் கணக்கான துப்புரவாளர்கள் குடியிருக்கிறார்கள். நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

உங்கள் புதுத் தொட்டியில் கற்கள் இருந்தன, துப்புரவாளர்கள்தான் இல்லை!

பியானோவை விட்டு வந்த பிள்ளை

வினோகிராட்ஸ்கி 1856-ஆம் ஆண்டு, கீவ் நகரில் பிறந்தார். இன்று உக்ரைன் நாட்டின் தலைநகராக இருக்கும் அந்த ஊர், அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்தது. வசதியான குடும்பம். பள்ளிப் படிப்பை முடித்ததும் சட்டம் படிக்கச் சேர்ந்தார். பிடிக்கவில்லை. அறிவியல் பக்கம் போனார். அதுவும் அப்போது மனத்தில் ஒட்டவில்லை.

அவருக்குச் சங்கீதம் என்றால் உயிர். ஆகவே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் இசைக் கல்லூரிக்குப் போய், லெஷெடிட்ஸ்கி என்ற புகழ் பெற்ற ஆசிரியரிடம் பியானோ கற்றார். கொஞ்ச காலத்தில் அதையும் விட்டுவிட்டார். 1877-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மறுபடி அறிவியல் மாணவராகச் சேர்ந்தார்.

இந்தப் பையன் எதிலும் நிலைக்க மாட்டான் என்று ஊரில் நாலு பேர் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால், இந்த முறை அவர் நிலைத்துவிட்டார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர், அதன் பிறகு அந்த உலகத்தை மறக்கவே இல்லை.

1885-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குப் போனார். அங்கே டி பாரி என்ற பெரிய தாவரவியல் அறிஞர் ஆய்வுக்கூடம் நடத்தி வந்தார். கந்தக வாடை வீசும் ஊற்றுகளில் வெள்ளை நூல் போல வளரும் ஒரு பாக்டீரியாவை வினோகிராட்ஸ்கி ஆராய்ந்தார். அதற்குப் பெஜ்ஜியட்டோவா என்று பெயர்.

அவர் எப்படி ஆராய்ந்தார் தெரியுமா? சின்னக் கண்ணாடிச் சில்லில் அந்த நூலை வைத்து, நாள்தோறும் பல தடவை தண்ணீரை மாற்றி மாற்றி, ஒரே உயிரை நாள் கணக்கில் பார்த்துக் கொண்டே இருந்தார். கொஞ்சம் ஏமாந்தால் தண்ணீர் காய்ந்துவிடும், எல்லாம் வீண்!

முடிவில் ஓர் அதிசயத்தைக் கண்டார். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு, அதைத்தான் அந்த நூல்கள் எடுத்துக் கொண்டன. உடம்பில் கந்தக மணிகளைச் சேர்த்து வைத்தன. பிறகு அந்தக் கந்தகத்தையும் ஆக்ஸிஜனோடு சேர்த்து, அதில் கிடைக்கும் சக்தியில் வாழ்ந்தன. நமக்குச் சோறு எப்படியோ, அவற்றுக்குக் கந்தகம் அப்படி! 1887-இல் இதை அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஆசிரியர் டி பாரி இறந்து போனார். வினோகிராட்ஸ்கி சுவிட்சர்லாந்தில் உள்ள ஜூரிச் நகருக்குப் போனார். அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்த வேலை அங்கேதான் நடந்தது.

அப்பாவின் தொட்டியும் மகனின் வயலும்

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி, லண்டனுக்குப் போய் வருவோம்.

அங்கே ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர் இருந்தார். 1849-இல் ஒரு தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி, இரண்டு தங்கமீன்களை விட்டார். நாடா போன்ற இலைகளை உடைய வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் நட்டார். மீன் விடும் கரியமில வாயு செடிக்கு. செடி விடும் ஆக்ஸிஜன் மீனுக்கு. ஆனால், செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. உடனே குளத்து நத்தைகளைப் பிடித்து விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றன. நத்தை முட்டைகள் மீனுக்கு இரையாயின. தண்ணீரை மாற்றாமலே தொட்டி நன்றாக இருந்தது! 1850-இல் இதை எழுதி வெளியிட்டார். வீட்டில் மீன் தொட்டி வைக்கும் பழக்கம் பரவ இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால், மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியா எங்கே போயிற்று? இது அவருக்குத் தெரியவில்லை.

மீன் வளர்ப்பவர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டிய பெயர் அம்மோனியா. மீன்களின் செவுள் வழியாக அது வெளியேறிக் கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட இரை அழுகினாலும் அம்மோனியா வரும். தண்ணீரில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் சேர்ந்தாலும் மீனுக்கு விஷம். உங்கள் ஆறு தங்கமீன்களைக் கொன்றது இதுதான்!

1877-இல் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். நீளமான கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல் தூளும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரை மெல்ல மெல்லச் சொட்ட விட்டார்கள். முதல் 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. மேலே ஊற்றிய அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதன் பிறகு திடீரென்று அம்மோனியா காணாமல் போய், அதற்குப் பதிலாக நைட்ரேட் என்ற உப்பு வந்தது!

மணல் செய்த வேலையா இது? அப்படியானால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமே! அவர்கள் குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் வருவது நின்று போயிற்று. தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள். மறுபடி ஆரம்பித்தது. ஏதோ ஓர் உயிர்தான் இந்த வேலையைச் செய்கிறது என்பது உறுதியாயிற்று.

அந்த உயிர் எது? எல்லோரும் தேடினார்கள். முன்பு பார்த்த வாரிங்டனின் மகன், அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பல ஆண்டுகள் தேடினார். அம்மோனியா முதலில் நைட்ரைட் ஆகிறது. பிறகுதான் நைட்ரேட் ஆகிறது. இதற்கு இரண்டு வகை உயிர்கள் வேண்டும் என்று கண்டுபிடித்தார். ஆனால், அவற்றைத் தனியே பிடிக்க அவரால் முடியவில்லை. அப்பா தொட்டியில் விட்டு வைத்த கேள்விக்கு, மகன் வயலில் பாதி விடை கண்டார் பாருங்கள்!

ஒன்றும் முளைக்காத இடம்

இப்போது ஜூரிச் நகருக்குத் திரும்புவோம்.

அந்தக் காலத்தில் பாக்டீரியாவைத் தனியே வளர்க்க ஒரு நல்ல வழி இருந்தது. இறைச்சிச் சாறு கலந்த ஜெலட்டினைத் தட்டில் ஊற்றி, அதன் மேல் தடவுவார்கள். பாக்டீரியாக்கள் புள்ளி புள்ளியாக முளைக்கும். எத்தனையோ நோய்க் கிருமிகளை இப்படித்தான் பிடித்தார்கள். அம்மோனியாவை மாற்றும் உயிரை மட்டும் இப்படிப் பிடிக்கவே முடியவில்லை.

வினோகிராட்ஸ்கி வேறு விதமாக யோசித்தார். விருந்து வைத்தால் எல்லோரும் வருவார்கள். யார் விருந்தே வேண்டாம் என்கிறாரோ, அவர் அந்தக் கூட்டத்தில் எப்படி அகப்படுவார்? இறைச்சிச் சாற்றை அடியோடு நிறுத்தினார். ஜூரிச் ஏரித் தண்ணீரில் அம்மோனிய உப்பும் வேறு சில தாது உப்புகளும் மட்டும் சேர்த்தார். அடியில் வெள்ளைத் தூளாக மக்னீசியம் கார்பனேட் போட்டார். அதில் ஒரு சிட்டிகை மண். கொஞ்ச நாளில் அம்மோனியா குறைந்தது. அந்தக் குடுவையில் இருந்து ஒரு துளியைப் புதுக் குடுவைக்கு மாற்றினார். அதில் இருந்து இன்னொன்றுக்கு. இப்படி மாதக் கணக்கில் மாற்றிக் கொண்டே போனார். விருந்து தேடிய பாக்டீரியாக்கள் பட்டினியில் குறைந்து கொண்டே வந்தன.

ஆனாலும், தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் அதிகம் ஒன்றும் இல்லை. பிறகு அம்மோனியாவை மாற்றுவது யார்? தண்ணீரை விட்டுவிட்டு, குடுவையின் அடியில் படிந்திருந்த வெள்ளைத் தூளை எடுத்துப் பார்த்தார். அதோ! தூளின் மேல் அப்பிக் கொண்டு, முட்டை வடிவத்தில் குட்டிக் குட்டி உயிர்கள்!

அவற்றோடு இன்னும் சில விருந்தாளிகள் ஒட்டிக் கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிரிக்க வேண்டுமே? அவர் செய்த யுக்தியைக் கேளுங்கள். அந்தத் தூளை ஜெலட்டின் மேல் வைத்தார். விருந்தாளிகள் இருந்த இடத்தில் புள்ளிகள் முளைத்தன. மற்றவர்களாக இருந்தால் முளைத்த புள்ளியைத்தான் எடுப்பார்கள். இவரோ, ஒன்றும் முளைக்காத இடத்தில் இருந்த தூளை எடுத்துப் புதுக் குடுவையில் போட்டார். அம்மோனியா மறைந்து நைட்ரைட் வந்தது. பல பேர் ஆண்டுக் கணக்கில் தேடிய உயிர், வெறும் இடம் என்று ஒதுக்கிய பகுதியில் இருந்தது!

இது 1890-ஆம் ஆண்டு. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்றுதான். அடுத்து, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் இரண்டாவது உயிரையும் பிடித்தார். முதலாவதற்கு நைட்ரோசோமோனாஸ் என்றும், இரண்டாவதற்கு நைட்ரோபாக்டர் என்றும் பெயர் வைத்தார்.

இன்னொரு பெரிய உண்மையும் வெளிவந்தது. செடிகள் கரியமில வாயுவில் இருந்து உணவு தயாரிக்கச் சூரிய ஒளி வேண்டும் என்று படித்திருப்பீர்கள். இந்தப் பாக்டீரியாக்களும் கரியமில வாயுவில் இருந்தே தங்கள் உடம்பை வளர்த்தன. ஆனால், அதற்கு வெளிச்சமே தேவைப்படவில்லை! அம்மோனியாவில் இருந்து கிடைக்கும் சக்தியே போதும். இருட்டில் சமைக்கும் சமையல்காரர்கள்! இதை வேதிச்சேர்க்கை என்பார்கள்.

தொட்டிக்குக் கீழே ஒரு தொட்டி

உங்கள் வீட்டுக்குக் கீழே குழாய்த் தண்ணீர் வந்து சேரும் 'சம்ப்' இருக்கிறதா? மீன் தொட்டிக்கும் அப்படி ஒரு சம்ப் வைப்பது உண்டு. சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ண மீன் பண்ணைகளும் கடைகளும் நிறைய இருக்கின்றன. பெரிய தொட்டி வைத்திருக்கும் கடைக்குப் போனால், அடியில் உள்ள அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மேல் தொட்டியில் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு மேல் போனதும், அது குழாய் வழியாகக் கீழே வழியும். கீழ்த் தொட்டியில் கண்ணாடித் தடுப்புகள் இருக்கும். முதல் அறையில் பஞ்சு. மீன் கழிவு, இலைத் துணுக்கு, மீந்த இரை எல்லாம் அதில் தங்கிவிடும். இரண்டாவது அறையில் பீங்கான் வளையங்கள், துளைகள் நிறைந்த கற்கள், பிளாஸ்டிக் உருண்டைகள் என்று ஏதாவது இருக்கும். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருந்தாலும், வினோகிராட்ஸ்கியின் துப்புரவாளர்களுக்கு அதுதான் குடியிருப்பு. துளைகள் அதிகம் இருந்தால் வீடுகள் அதிகம்! கடைசி அறையில் மோட்டார். சுத்தமான தண்ணீரை அது மறுபடி மேலே அனுப்பும். மேலே, கீழே, மேலே, கீழே என்று தண்ணீர் சுற்றிக் கொண்டே இருக்கும். கொல்லிமலை ஓடையைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்தது போல!

கீழே தொட்டி வைக்கும் யோசனை பழையதுதான். 1871-இல் லண்டனில், கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையில் கடல் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அதை அமைத்தவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு. காட்சித் தொட்டிகளுக்குக் கீழே, அவற்றைவிடப் பல மடங்கு பெரிய இருட்டுத் தொட்டி கட்டி, நீராவி எந்திரத்தால் தண்ணீரைச் சுற்ற விட்டார். இருட்டில் யார் வேலை செய்தார்கள் என்பது, வினோகிராட்ஸ்கிக்குப் பிறகுதான் உலகத்துக்குப் புரிந்தது.

உங்கள் மீன்கள் ஏன் செத்தன என்று இப்போது தெரிந்திருக்கும். சாதாரண பாக்டீரியாக்களில் சில, அரை மணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். ஆனால், அம்மோனியாவை மாற்றும் இந்தப் பாக்டீரியா இரண்டாக ஒரு நாள்கூட ஆகலாம். ஆகவே, புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை பிடிக்கும். ஷ்லோசிங், மூன்ட்ஸ் காத்திருந்த அந்த 20 நாளை மறந்துவிடாதீர்கள்! அதற்குள் ஆறு மீன்களை விட்டால், விஷம் ஏறிவிடாதா?

எல்லாம் போன பிறகும்...

வினோகிராட்ஸ்கியின் புகழ் பரவியது. பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் சேர அழைப்பு வந்தது. அவர் 1891-இல் ரஷ்யாவுக்கே திரும்பினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாகத் தொடங்கிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் நுண்ணுயிர்ப் பிரிவின் தலைவரானார். பிறகு நிறுவனத்துக்கே இயக்குநரானார். காற்றே இல்லாத இடத்தில் வாழ்ந்து, நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் ஒரு பாக்டீரியாவையும் அங்கே கண்டுபிடித்தார். அதற்கு, லூயி பாஸ்டரின் பெயரையே வைத்தார்.

பிறகு உடல்நிலை கெட்டது. சுமார் 1905-இல் வேலையை விட்டு, உக்ரைனில் இருந்த தம் பண்ணைக்குப் போய்விட்டார். பயிர், காடு, தோட்டம் என்று காலம் போயிற்று. நுண்ணோக்கியைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆயின. உலகம் அவரை மறந்தே போயிற்று எனலாம்.

1917-இல் ரஷ்யாவில் புரட்சி வந்தது. தொடர்ந்து உள்நாட்டுப் போர். பண்ணை போயிற்று, சொத்து போயிற்று. அறுபது வயதைத் தாண்டிய அவர், நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று. கடைசியில் பெல்கிரேடு நகரில் பேராசிரியர் வேலை கிடைத்தது. கருவிகளும் புத்தகங்களும் அதிகம் இல்லாத இடம். கிடைத்த அறிவியல் இதழ்களை எடுத்து வைத்துக் கொண்டு, விட்டுப் போன ஆண்டுகளின் பாடத்தைப் பள்ளிப் பிள்ளை போலப் படித்தார்.

அப்போது பாரிஸில் இருந்து மறுபடி அழைப்பு வந்தது. பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநர் எமில் ரூ, அவருக்காகவே ஒரு மண் ஆய்வுக்கூடம் தர முன்வந்தார். இந்த முறை அவர் மறுக்கவில்லை. 1922-இல், பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள பிரி கோம்த் ரோபேர் என்ற ஊருக்கு வந்தார். மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில், அவர் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தார்!

மகள் எலேன் அவரோடு சேர்ந்து, அம்மோனியாவை மாற்றும் அதே பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்து போயிற்று. 1939-இல் மனைவி இறந்தார். கிழவர் அசரவில்லை. தம் ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியைத் திரட்டி, மண் நுண்ணுயிரியல் பற்றிய பெரிய நூலாக 1949-இல் வெளியிட்டார். அப்போது வயது தொண்ணூற்றைத் தாண்டிவிட்டது. 1953-இல், தொண்ணூற்று ஆறாம் வயதில் காலமானார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்காக நோபல் பரிசு பெற்ற வாக்ஸ்மன், வினோகிராட்ஸ்கியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

கதை இன்னும் முடியவில்லை. அம்மோனியாவை நைட்ரேட் ஆக்க இரண்டு வகை உயிர்கள் வேண்டும் என்றுதான் அவர் காலம் முதல் எல்லோரும் நம்பினார்கள். 2015-இல், இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் பாக்டீரியாவை இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டுபிடித்தன. நைட்ரோஸ்பைரா என்ற வகையைச் சேர்ந்தது அது. ஒரு குழுவுக்கு அது எங்கே கிடைத்தது தெரியுமா? மீன் வளர்க்கும் தொட்டிகளோடு இணைத்த வடிகட்டியில்! நம் மீன் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவதும் பெரும்பாலும் நைட்ரோஸ்பைராதான் என்று இப்போது தெரிந்திருக்கிறது. வினோகிராட்ஸ்கி இருந்திருந்தால், மறுபடி குடுவையை எடுத்திருப்பார்.

நீங்கள் செய்ய வேண்டியது

மறுபடி மீன் தொட்டி வைக்கும்போது இவற்றை மறக்காதீர்கள். முதலில், ஒன்றிரண்டு மீன்களோடு ஆரம்பியுங்கள். இரையைக் குறைவாகப் போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மீன்களைச் சேருங்கள். நன்றாக ஓடும் பழைய தொட்டி நண்பன் வீட்டில் இருந்தால், அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் போடுங்கள். துப்புரவாளர்கள் சீக்கிரம் குடியேறுவார்கள்.

பஞ்சையும் கற்களையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவக் கூடாது. துப்புரவாளர்கள் செத்துவிடுவார்கள். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே மெல்ல அலசினால் போதும். மின்சாரம் போனால் அவர்களுக்கும் மூச்சு முட்டும். அவர்களுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும் அல்லவா?

சம்ப் வைத்த தொட்டி என்றால், பெரியவர்களிடம் சொல்லி ஒன்றைச் சரி பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றதும் மேல் தொட்டியில் இருந்து கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கும். அதற்கு இடம் விட்டு, சம்பைக் குறைவாக நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் வீடு முழுவதும் வெள்ளம்தான்!

கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் அவ்வளவு கொடியது இல்லை. ஆனாலும், சேர்ந்து கொண்டே போனால் கெடுதல். ஆகவே, வாரம் ஒரு முறை தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு, குளோரின் போன நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். எடுத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். வீட்டு ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள். நைட்ரேட் அதற்கு நல்ல உரம்! கொல்லிமலையில் சாமைக்கும் மிளகுக் கொடிக்கும் போடும் சாண எருவை, பயிர் எடுத்துக் கொள்ளும் நைட்ரேட்டாக மாற்றுவதும் இதே கூட்டத்தார்தான்.

இன்னொன்று. மீன் வளர்க்க அலுத்துப் போனால், அதை ஓடையிலோ ஏரியிலோ கொண்டு போய் விடாதீர்கள். வெளியூர் மீன், அங்கேயே வாழும் மீன்களுக்கு எமனாகிவிடும்.

அடுத்த முறை ஏதாவது ஓர் ஓடையில் இறங்கும்போது, வழுவழு என்று இருக்கும் கல்லை ஒரு நிமிடம் தொட்டுப் பாருங்கள். வெறும் இடத்தில் விடை தேடிய அந்தப் பெரியவரை நினைத்துக் கொள்ளுங்கள். பிறகு கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அங்கே குடியிருப்பவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது!